மான் தின்ற பக்கம்

விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தை
மான் தின்றுவிட்டது.
கடற்கரை வீதியில், போட்டோக் கொப்பிக் கடை வாசலில்,
ஹெல்மெட்டைக் கழற்ற எனக்கு
இரண்டு கையும் வேண்டியிருந்த நேரம்.
கொம்பில்லாத சின்ன மான்.
அவசரமே இல்லாமல் மென்றது.
'தொழில் வழங்குநரின் சம்மதம்' என்ற பக்கம் அது.
கடைக்காரர் சிரித்தார்:
"இன்னொரு பிரதி எடுக்கவோ, தம்பி,
இல்லாட்டி அதோட விடுவமோ?"

கேள்வியைக்
கொட்பே வரைக்கும் கொண்டுபோனேன்.

ஐஸ் தொழிற்சாலையில் இரவு முறை.
இரண்டாம் கொம்பிரசர் இருமிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையை அதன் உடம்பில் வைத்தாலே தெரியும்,
பின்பக்கத்துப் பெயரிங்.
சொல்லிச் சொல்லி மூன்று கிழமைக்குப் பிறகு
கொழும்பிலிருந்து பொறியியலாளர் வந்தார்.
என்னைவிட ஆறு வயது இளையவர், நல்ல பிள்ளை.
கையை வைக்கவில்லை.
மடிக்கணினியில் ஒரு வளைகோட்டைக் காட்டி
"பின்பக்கத்துப் பெயரிங்" என்றார்.
புதியது இன்னும் வந்துசேரவில்லை, அது வேறு கதை.
அவர் சரியாகச் சொன்னதில்
எனக்கு ஏனோ கோபம் வந்தது.
அந்தக் கோட்டை வாசிக்கவேண்டும் என்ற ஆசையும்
அதே நிமிடத்தில்தான்.
பதவி உயர்வு, சம்பளப் படி எல்லாம்
பிறகு வீட்டில் சொல்லத் தேடிய காரணங்கள்.

சுகிர்தா பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில்
கணக்குப் போட்டாள்.
தவணைக் கட்டணம்.
சனிக்கிழமை ஆய்வுகூடத்துக்கு இரவு ரெயில்,
திரும்ப பஸ், சோற்றுப் பார்சல்.
இல்லாமல் போகும் ஓவர் டைம்.
கடைசியில் ஆரணியின் பெயரை எழுதி
அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டாள்.
"ஐஞ்சு வருசம். வேலையோட எண்டால் ஏழு.
ஏழு எண்டால் இவள் ஸ்கொலர்ஷிப் எழுதியிருப்பாள்."
வேண்டாம் என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது சேர்ந்திருப்பேன்.

நஸ்லிம் கிண்ணியாவிலிருந்து
உரப்பையில் புத்தகங்கள் கொண்டுவந்தான்.
மூன்று வருடம் முன்பு அவனும் சேர்ந்தவன்.
"வச்சுக்க. என்னட்ட இருந்தா கரையான்தான் படிக்கும்."
நுண்கணிதத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம் வரைக்கும்
பென்சில் குறிப்புகள், தேநீர் வட்டங்கள்,
ஓரத்தில் திகதிகள்.
ஓரிடத்தில் 'மகனுக்குக் காய்ச்சல்'.
நாற்பத்திரண்டிலிருந்து
மடிப்புக் கலையாத கூறைச் சீலை மாதிரித் தாள்.
"இதில என்ன நடந்தது?"
"ஒண்டும் நடக்கல்ல.
நாளைக்குப் பாப்பம் எண்டு மூடினேன்."

ஏதாவது நடந்திருக்கலாம் என்று
எனக்குத் தோன்றியது.
நடந்திருந்தால் பயம் குறைந்திருக்கும்.

இரவு ஒன்றரை. தாங்கியில் தண்ணீர்
விளிம்பிலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டிருந்தது.
முதல் விரலளவு சட்டென்று ஆகும்.
கடைசி விரலளவுக்கு விடியவேண்டும்.
பதினொரு வருடமாய்ப் பார்க்கிறேன்.
ஏன் என்று கேட்டால் கையை விரிப்பேன்.
அந்த 'ஏன்' இந்தப் புத்தகத்தில் எங்கோ இருக்கிறது,
நூறாம் பக்கத்துக்கு அங்காலே.

நாற்பத்திரண்டாம் பக்கம், முதல் கணக்கு.
பிழை.
பதிவேட்டின் பின்புறத்தில் மறுபடி போட்டேன்.
வேறு பிழை.
மூன்றாம் தரம் பாதியில் கொம்பிரசர் இருமி
எழுந்துபோக வேண்டியதாயிற்று.
திரும்பி வந்தபோது கிறீஸ் விரல் தாளில் பட்டது,
கறுப்பாக,
நஸ்லிமின் மகனுடைய காய்ச்சலுக்கு அடுத்த பக்கத்தில்.

ஐந்து மணிக்கு முதல் படகுக்காரர்.
"ரெடியோ?"
"நடு இன்னும் உறையேல்ல, அண்ண."
"உறைஞ்ச மட்டும் தா. எனக்கு நேரம் போகுது."

ஏழு மணிக்கு முறை முடிந்தது.
கடை திறக்க ஒன்பதாகும்.
வீட்டுக்குப் போனால் நித்திரை அமுக்கிவிடும்.
சைக்கிளைக் கடற்கரை வீதிக்குத் திருப்பி
பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தினேன்.
மான் எனக்கு முன்பே வந்து நின்றது.
பையைக் கழற்றி
முன்பக்கமாக, நெஞ்சோடு மாட்டிக்கொண்டேன்.